கோடை முடியும் நேரத்தில் பெங்களூரில் பறவை பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஜூன் நடுப்பகுதியில் தென்மேற்குப் பருவமழை நிலைகொள்ளும் வரையிலான ஏழு வாரங்களுக்கானது இந்தத் தொகுப்பு. பெங்களூர் ஏரிக்கரைகளிலும் பூங்காக்களிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களைக் கேட்பவர் சொல்லிலேயே தந்திருக்கிறோம். பறவைப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், குழப்பம் வரும் இடத்தில் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோம்.

டிசம்பர்லதானே பறவை பார்ப்பாங்க? மே மாசத்துல ஏரிக்குப் போய் என்ன பார்க்கிறது?

டிசம்பரில் கூட்டத்தைப் பார்க்கலாம். மே மாதத்தில் குடும்பத்தைப் பார்க்கலாம். வடக்கிலிருந்து வந்த நீலச்சிறகி, தட்டைவாயன் போன்ற வாத்துகளும், மஞ்சள் வாலாட்டிகளும், பெரும்பாலான உள்ளான்களும் ஏப்ரல் முடிவதற்குள் கிளம்பிவிடும். ஏரியின் நடுப்பகுதி வெறிச்சென்று இருப்பது அதனால்தான்.

ஆனால் இங்கேயே வாழும் பறவைகள் இப்போதுதான் முழுக் கோலத்தில் இருக்கும். முக்குளிப்பானின் கழுத்து செம்பழுப்பாகி, வாயோரத்தில் மஞ்சள் புள்ளி பளிச்சென்று தெரியும். அது குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதைப் பார்க்க டிசம்பரில் வாய்ப்புக் குறைவு. கொக்குகளுக்கு முதுகில் நூல்போன்ற அலங்கார இறகுகள் தொங்கும். தூக்கணாங்குருவி ஆணுக்குத் தலையில் மஞ்சள் தொப்பி வரும். முதல் மழைகள் விழுந்து புல் பசுமையானதும் கிழித்துப் பின்னத் தொடங்கிவிடும். மரங்களில் குயிலும் அக்காக்குயிலும் விடியும் முன்பே கூவும். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தப் பருவத்தைத்தான் சொல்வோம். இனங்கள் குறைவு, ஒவ்வொன்றும் நெடுநேரம் கண்ணெதிரே இருக்கும், ஆகவே மனதில் பதியும்.

காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்? ஏழு மணிக்குப் போனா போதுமா?

போதாது. மே கடைசியில் பெங்களூரில் ஆறு மணிக்குச் சற்று முன்னதாகவே சூரியன் உதித்துவிடுகிறது. உதயத்தின்போது கரையில் நிற்க வேண்டும். எட்டரை மணி வரை நல்ல நேரம். ஒன்பதரைக்கு மேல் தண்ணீர்ப் பரப்பிலிருந்து எழும் கானல் பைனாகுலருக்குள் எல்லாவற்றையும் நெளிய வைத்துவிடும். விலை உயர்ந்த கண்ணாடியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மாலையில் என்றால் நாலே முக்காலிலிருந்து ஆறரை வரை.

நிற்கும் கரையும் முக்கியம். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் தெரியும். எதிர்க்கரையில் நின்றால் எல்லாமே கறுப்பு நிழல்தான். மாலையில் இதற்கு நேர்மாறு. இன்னொன்று: முந்தின நாள் மாலை இடிமழை பெய்திருந்தால் மறுநாள் காலையைத் தவறவிடாதீர்கள். ஈசல் கிளம்பியிருக்கும், கரிச்சான், மைனா, உண்ணிக்கொக்கு, பருந்து வரை எல்லாம் அதைத் தேடி வரும். மாலையில் இடி கேட்கத் தொடங்கினால் கரையையும் தனிமரத்தையும் விட்டு விலகிவிடுங்கள்.

பைனாகுலர்ல 8×42ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன? 20 மடங்கு வாங்கினா இன்னும் நல்லா தெரியாதா?

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42இல் அது 5.25 மி.மீ., 10×42இல் 4.2, சட்டைப்பையில் வைக்கும் 10×25இல் 2.5. விடியற்காலை இருட்டிலும் மரநிழலிலும் பார்க்க 4க்கு மேல் இருந்தால் நல்லது.

மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் அதே அளவு கூடும், பார்க்கும் வட்டம் சுருங்கும், கானலும் பெரிதாகும். 20 மடங்கை முக்காலி இல்லாமல் பிடிக்கவே முடியாது. மரங்களுக்கு நடுவே 8 மடங்குதான் கைகொடுக்கும்; தாவும் சிட்டை வட்டத்துக்குள் கொண்டுவர அகலமான பார்வை வேண்டும். திறந்த ஏரிக்கு மட்டும் என்றால் 10 பரவாயில்லை. மடங்கை மாற்றும் ஜூம் வகை வேண்டாம்: மங்கலாகக் காட்டும், இரு குழல்களும் சீக்கிரம் ஒத்திசைவு இழக்கும். மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்ணிலிருந்து 15 மி.மீ. தள்ளிப் பார்த்தாலும் முழு வட்டம் தெரிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிட்டேன், ஆனா ஒரு கண்ணுக்குத் தெளிவா, இன்னொரு கண்ணுக்கு மங்கலா தெரியுது. பீஸ் ரிப்பேரா?

பெரும்பாலும் ரிப்பேர் இல்லை, சரிசெய்யாமல் விட்டதுதான். முதலில் இரு குழல்களையும் மடக்கி விரித்து இரண்டு வட்டங்களும் ஒன்றாகும்படி வையுங்கள். பிறகு முப்பது நாற்பது அடி தூரத்தில் எழுத்துள்ள ஒரு பலகையைப் பாருங்கள். வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இப்போது இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தத் தூரத்துக்கும் நடுச்சக்கரம் மட்டும் போதும். வீட்டில் வேறொருவர் வாங்கிப் பார்த்தால் வளையம் நகர்ந்துவிடும்.

மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் கண்ணோர ரப்பரை உள்ளே இறக்கிவிடுங்கள். போடாவிட்டால் வெளியே இழுத்து வையுங்கள். இதெல்லாம் செய்த பின்னும் உருவம் இரண்டாகத் தெரிந்தால் உள்ளே முப்பட்டகம் நகர்ந்திருக்கிறது. அப்போது கடைக்குத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

நாங்க அல்சூர்ல இருக்கோம். முதல்ல எந்த லேக்குக்குப் போகலாம்?

வீட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்குங்கள். அல்சூர் ஏரித் தீவுகளின் மரங்களில் நீர்க்காகமும் வக்காவும் அடையும். மேலே கரும்பருந்தும் செம்பருந்தும் வட்டமிடும். பருந்தின் வாலை வேறுபடுத்திப் பழக இதைவிட வசதியான இடம் வேண்டாம். கரும்பருந்தின் வால் நுனி கவட்டையாக வெட்டியிருக்கும், செம்பருந்தின் வால் உருண்டை.

அடுத்து வடக்கே ஜக்கூர் ஏரி. கழிவுநீரைச் சுத்திகரித்து, நாணல் வளர்ந்த சதுப்பு வழியாக அதற்குள் விடுகிறார்கள். ஆகவே கடும் கோடையிலும் தண்ணீர் நிற்கும். அந்தச் சதுப்புப் பக்கம்தான் செந்நாரை, நீலத் தாழைக்கோழி, தாமிர இறக்கை இலைக்கோழி எல்லாம் இருக்கும். சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கைகொண்டரஹள்ளி ஏரி. புட்டேனஹள்ளி என்று யாராவது சொன்னால் எதுவென்று கேட்டுக்கொள்ளுங்கள்: ஜே.பி. நகரில் ஒன்று, எலஹங்காவில் ஒன்று. ஊரின் இரண்டு கோடிகளில் உள்ள அவற்றைக் குழப்பிக்கொண்டு காலை நேரத்தைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

பல ஏரிகளைக் காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் மட்டுமே திறக்கிறார்கள். சில இடங்களில் பெரிய கேமராவை அனுமதிப்பதில்லை. வாயிற்காவலரிடம் "ஹக்கி நோடோக்கெ பந்திதீவி" (பறவை பார்க்க வந்திருக்கிறோம்) என்று கன்னடத்தில் ஒரு வரி சொன்னால், எந்தப் பக்கம் கூடு கட்டியிருக்கிறது என்பது வரை அவரே சொல்லக்கூடும். தினமும் பார்ப்பவர் அவர்தான்.

எங்க ஏரியில தண்ணி பாதி வத்திப்போச்சு. போறது வீண்தானே?

இல்லை. விளிம்பு வரை நிரம்பி, சுற்றிலும் செங்குத்துக் கற்சுவர் வைத்த ஏரியில்தான் பறவை குறையும். கொக்கு நிற்க ஓரடிக்குக் குறைவான ஆழம் வேண்டும், உப்புக்கொத்திக்கு ஈரச்சேறு வேண்டும். தண்ணீர் இறங்கும்போது மீன்கள் சிறு குட்டைகளில் மாட்டிக்கொள்ளும். அந்தக் குட்டைகளைச் சுற்றிக் கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன் எல்லாம் ஒன்றாக இரை தேடும்.

பார்க்கும்போது ஏரியை மூன்று பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆழமான நடுப்பகுதியில் முக்குளிப்பான், நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து. மிதக்கும் இலைப்பகுதியில் இலைக்கோழி, தாழைக்கோழி. சேற்று விளிம்பில் நெடுங்கால் உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி, ஆள்காட்டி. சேற்றுப் பட்டைக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். சாம்பலும் பழுப்புமான சிறு பறவைகள் அசையாமல் நிற்கும். ஒருமுறை கண்ணோட்டினால் ஒன்றும் தெரியாது, மூன்றாம் முறை ஐந்தாறு தெரியும். காய்ந்த சேற்றின் மேல்தோல் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே முழங்கால் வரை புதையும். இறங்க வேண்டாம்.

வெள்ளைக் கொக்கு எல்லாமே ஒண்ணு போலத்தானே இருக்கு. எப்படிப் பிரிக்கிறது?

நாலு வகை உண்டு. அலகு நிறத்தை மட்டும் நம்பினால் இந்தப் பருவத்தில் ஏமாந்துவிடுவீர்கள். சின்ன வெள்ளைக் கொக்குக்கு அலகு எப்போதும் கறுப்பு, காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். இப்போது பிடரியில் இரண்டு நீள இறகுகள் தொங்கும். உண்ணிக்கொக்கு மஞ்சள் அலகோடு கட்டைக் கழுத்தாக இருக்கும். கோடையில் தலை, கழுத்து, முதுகு ஆரஞ்சு நிறமாகிவிடும். இவை இரண்டும் சுலபம்.

சிக்கல் மற்ற இரண்டில். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் மற்ற மாதங்களில் அலகு மஞ்சள். கூடு கட்டும் காலத்தில் இரண்டுக்குமே கறுத்துவிடும். அதனால் வாய்க்கோட்டைப் பாருங்கள். அலகு திறக்கும் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரம். பெரிய கொக்கின் கழுத்தில் உடைந்து ஒட்டியதுபோல் ஒரு முடிச்சு வளைவும் தெரியும்.

"புதுசா ஒரு சிவப்புக் கொக்கு பார்த்தேன்" என்று மே மாதத்தில் பலரும் கேட்பது மடையானைத்தான். ஆண்டு முழுக்க மண்ணிறத்தில் குந்தியிருக்கும் அதே மடையானுக்கு இப்போது முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். பறந்தால் இறக்கை வெள்ளை. ஐயமே இருக்காது.

லால்பாக் போனேன். சத்தம் நிறைய கேக்குது, ஒரு பறவையும் கண்ணுக்குத் தெரியல. என்ன தப்பு?

நடந்துகொண்டே இருந்ததுதான் தப்பு. மரம் அடர்ந்த இடத்தில் நடை குறைய வேண்டும். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் லால்பாக். 240 ஏக்கரையும் ஒரே காலையில் சுற்றப் பார்க்காதீர்கள். பழம் பிடித்திருக்கும் ஓர் ஆலமரத்தையோ அத்தியையோ தேடி, இருபதடி தள்ளி, வெயில் முதுகில் விழ நின்று, பதினைந்து நிமிடம் அசையாமல் இருங்கள். குக்குறுவான், குயில், மைனா, சின்னான் எல்லாம் அங்கேயே வந்து போகும். கப்பன் பார்க்கிலும் இதே வழிதான்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். வெறும் கண்ணால் அசைவைப் பிடியுங்கள், அந்த இடத்திலிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். கூடவே மூன்று குரல்களைப் பழகிக்கொள்ளுங்கள். தட்டான் சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரே சீராக "டுக் டுக் டுக்" என்றால் செம்மார்புக் குக்குறுவான். மொட்டைக் கிளை நுனியில் தேடுங்கள். "குட்ரூ குட்ரூ" என்று நீட்டினால் வெண்கன்னக் குக்குறுவான். அது இலை நிறத்திலேயே இருப்பதால் அசையும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். மூன்று அசையாகப் படிப்படியாக உச்சத்துக்கு ஏறி, சட்டென்று நின்று, மறுபடி கீழிருந்து தொடங்கினால் அக்காக்குயில்.

அந்த அக்காக்குயிலைப் பார்த்தேன்னு நினைச்சேன், கூட வந்தவர் வல்லூறுன்னு சொல்றார். யார் சரி?

இரண்டும் சாம்பல் முதுகு, வரிபோட்ட வால், ஏறக்குறைய ஒரே பருமன். சின்னப் பறவைகளே ஏமாந்து அலறும். அலகைப் பாருங்கள்: வல்லூறுக்குக் குட்டையாகக் கொக்கி போல் வளைந்திருக்கும், அக்காக்குயிலுக்கு மெல்லியதாக நேராக இருந்து நுனியில் மட்டும் லேசாக வளையும். அக்காக்குயிலின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் உண்டு. வல்லூறின் கால்கள் நீண்டு, உறுதியாகத் தெரியும், நிமிர்ந்து உட்காரும். அக்காக்குயில் உடலைக் கிளையோடு சாய்த்து, இறக்கைகளைச் சற்றுத் தொங்கவிட்டு உட்காரும். குரல் கொடுத்தால் வாதம் அங்கேயே முடிந்தது.

சுடலைக்குயில் வந்தா நாலு நாள்ல மழைன்னு சொல்வாங்களே, உண்மையா?

வட இந்தியாவில் அதற்கு அடிப்படை உண்டு. அங்கே வரும் சுடலைக்குயில்கள் தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வருபவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது வேறொரு கிளையினம். அது இங்கேயே வாழ்கிறது. ஆகவே பெங்களூரில் மே மாதம் ஒன்றைப் பார்த்தால் மழைக்கு நாள் குறிக்க முடியாது. கொண்டையும் கறுப்பு வெள்ளை உடலும் இறக்கையில் வெள்ளைப் பொட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடு பார்த்தேன். போட்டோ எடுத்து குரூப்ல போடலாமா?

போடாதீர்கள். இந்தப் பருவத்தில் செய்யக்கூடிய பெரிய கேடு இதுதான். இடம் தெரிந்தால் மறுநாள் பத்துக் கேமரா வந்து நிற்கும். மறைவுக்கு இருக்கும் இலைக்கொத்தைப் படத்துக்காக ஒதுக்குவார்கள். காகம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஆள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு முட்டைகளைத் திறந்த தரையிலேயே இடும். மே வெயிலில் அடைகாப்பது சூடாக்க அல்ல, நிழல் கொடுக்க. வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் பறவை அது. நீங்கள் பத்து நிமிடம் அங்கே நின்றால் அது கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றும், முட்டை வெயிலில் வெந்துவிடும். கத்தத் தொடங்கியதுமே வந்த வழியில் திரும்புங்கள். முன்னால் போனால் மிதித்துவிடவும் கூடும். மரக்கூடு என்றால், தாய் வாயில் இரையோடு கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் தயங்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி அது கூட்டை விட்டு வரும். முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குஞ்சு ஒண்ணு கீழ விழுந்து கிடக்கு. வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடலாமா?

உடம்பெல்லாம் இறகு முளைத்து, தத்தித் தத்தி நடந்தால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. நாயும் பூனையும் வராமல் பக்கத்துப் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள், தாய் வரும். மனித வாசம் பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. இறகே இல்லாத குஞ்சு என்றால், கூடு எட்டினால் அதிலேயே திருப்பி வையுங்கள்.

கோடையில் பெங்களூரில் அதிகம் விழுவது வெப்பத்தில் சோர்ந்த பருந்துகள். துணியைப் போட்டு மூடி, காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, நகரில் இயங்கும் காட்டுயிர் மீட்புக் குழுவை அழையுங்கள். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலுக்குள் போய்ச் செத்துவிடும். பாலும் சோறும் வேண்டாம்.

பன்னேர்கட்டா, துரஹள்ளி பக்கம் தனியா போகலாமா?

தனியாக வேண்டாம். பன்னேர்கட்டா யானைக் காடு. கோடைக் கடைசியில் தண்ணீர் தேடி யானைகள் காட்டோரக் குளங்களுக்கு வரும், அதுவும் நாம் போகிற அதே விடியற்காலையில். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போவது சட்டப்படியும் தவறு. துரஹள்ளி பாறையும் புதரும் கலந்த சிறிய காடு. இருவராக, வழியை விட்டு இறங்காமல் போகலாம். முழுக்கால் சட்டையும் மூடிய ஷூவும் போடுங்கள், திரும்பி வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

முழு நாள் இருந்தால் சுமார் 60 கி.மீ. தள்ளி நந்தி மலை. உச்சி 1,478 மீட்டர், நகரத்தைவிடக் குளிர்ச்சி. குளிர்கால விருந்தாளிகள் போயிருந்தாலும் நீலகிரி காட்டுப்புறாவும், பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னானும் அங்கேயே வாழ்பவை. வார இறுதியில் வாகன நெரிசல் பறவையை விரட்டிவிடும், வேலை நாளில் போங்கள்.

மெர்லின் ஆப் ஒரு பேர் சொல்லுது. அப்படியே பட்டியல்ல போட்டுடலாமா?

குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக வேண்டாம். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லினும், பார்த்த பறவைகளின் பட்டியலைப் பதியும் இ-பேர்டும் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் செயலிகள். போக்குவரத்து இரைச்சலில் மெர்லின் தவறும். காட்டோரத்தில் துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே பாவனை செய்யும். செயலி அத்தனையையும் பெயர் பெயராக அடுக்கும். பறவையைக் கண்ணால் பார்த்தாலோ, குரல் உங்களுக்கே உறுதியாகத் தெரிந்தாலோ மட்டும் பட்டியலில் சேருங்கள்.

இ-பேர்டில் எழுதும்போது தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், ஒவ்வொன்றும் எத்தனை என்று எழுதுங்கள். காகத்தையும் மாடப்புறாவையும் விட்டுவிடாதீர்கள். அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுதிய பட்டியல்தான் பிற்காலத்தில் ஒப்பிட உதவும். மே மாத இரண்டாம் சனிக்கிழமை உலகம் முழுவதும் ஒரே நாளில் பறவைகளைப் பதியும் நாள். முதல் பட்டியலுக்கு நல்ல தருணம்.

ஜூன் முதல் வாரத்துல பொரி உள்ளான் ஒண்ணு பார்த்தேன். எல்லாம் போயிடும்னு மேலே சொன்னீங்களே?

பெரும்பாலானவை போய்விடும் என்றுதான் முதல் பதிலில் சொன்னோம். சிலது தங்கும். முதலாண்டுப் பறவைகளுக்கு இனப்பெருக்கத்துக்கான வயது வந்திருக்காது. நீண்ட பயணம் அவற்றுக்குத் தேவையில்லை. அடிபட்டதும் பலவீனமானதும் தங்கும். ஆனால் எழுதுமுன் ஒருமுறை சரிபாருங்கள். சேற்றுப் பட்டையில் சொன்ன பட்டாணி உப்புக்கொத்தி இங்கேயே கூடு கட்டும் பறவை; மஞ்சள் கண்வளையமும் மார்புப் பட்டையும் இருந்தால் அதுதான். முதுகில் வெள்ளைப் புள்ளி இறைந்து, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் ஓடி, வாலை ஆட்டிக்கொண்டு நடந்தால் பொரி உள்ளான்.

இத்தகைய பதிவை இ-பேர்ட் கேள்வி கேட்டு நிறுத்தலாம். பதற வேண்டாம். எந்த அடையாளத்தைப் பார்த்தீர்கள், எத்தனை தூரத்தில், எந்த வெளிச்சத்தில் என்று இரண்டு வரி எழுதுங்கள்; மங்கலான போன் படம் இருந்தாலும் சேருங்கள். அதே சேற்றை ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் போய்ப் பாருங்கள். வடக்கிலிருந்து திரும்பும் முதல் உள்ளான்கள் அப்போதே வந்து இறங்கத் தொடங்கிவிடும்.